52,42,88,00,000: சோழர் நிலக் கணக்கில் ஒரு பேரெண்ணின் இயல்பும் சமுதாயப் பொருளும்

தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டுக்களைப் பற்றி எழுதியோர் பலரும் வியப்போடு எடுத்துக்காட்டும் பின்னம் ஒன்று உண்டு. முதலாம் இராசராசன் (985–1014) காலத்து நிலக் கணக்கில், ஒரு வேலியின் 52,42,88,00,000இல் ஒரு பங்கு என்ற நுண்மை வரை நிலம் கணிக்கப்பட்டு வரி விதிக்கப்பட்டது என்பதே அது. ஐயாயிரத்து இருநூற்று நாற்பத்திரண்டு கோடியே எண்பத்தெட்டு லட்சத்தில் ஒரு பங்கு! தமிழரின் கணித நுட்பத்துக்கு இதனினும் மேலான சான்று வேண்டுமோ என்று கேட்பவர் ஒருசாரார். கணக்கரின் வீண் வேலை என்று புறந்தள்ளுவோர் இன்னொரு சாரார். இவ்விரு சாராரும் அந்த எண்ணைப் பகுத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. எண்ணின் உள்ளமைப்பை அறிந்த பின்னரே அதன் சமுதாயப் பொருளைப் பேசுவது முறையாகும் என்பதனால், நாம் கணிதத்திலிருந்தே தொடங்குவோம்.

தமிழ்ப் பின்ன வாய்பாட்டில் இருவகைச் சொற்கள் கலந்து நிற்கின்றன. அரை, கால், அரைக்கால், மாகாணி (1/16) என்பன இரண்டால் வகுத்து வகுத்துப் பெறப்பட்டவை. நாலுமா (1/5), இருமா (1/10), மா (1/20), காணி (1/80) என்பவற்றில் ஐந்தும் சேர்ந்துகொள்கின்றது. (நிலம் முழுவதையுமே 'காணி' என்று நாம் இன்று வழங்குவது, ஒரு பின்னத்தின் பெயர் முழுமைக்கு ஆகிவந்த விந்தையாகும்.) காணியில் பாதி அரைக்காணி, அதிற் பாதி முந்திரி அல்லது முந்திரிகை, அதாவது 1/320. இவ்விரு வரிசைகளையும் ஒருங்கே அளக்கவல்ல பொது அலகு முந்திரியே. கால் என்பது 80 முந்திரி, மாகாணி 20 முந்திரி, மா 16 முந்திரி, காணி 4 முந்திரி என எல்லாம் முழுவெண்ணாக வந்துவிடும்.

முந்திரிக்குக் கீழே போகவேண்டுமாயின் புதுப் பெயர்கள் தேவையில்லை. 'கீழ்' என்ற ஒரே சொல்லைச் சேர்த்துவிட்டு, அரை, கால், மா, காணி, முந்திரி என்ற அதே வாய்பாட்டை மீண்டும் தொடங்கலாம். கீழ் முந்திரி என்பது முந்திரியின் முந்திரி. அதாவது 320ஐ 320ஆல் பெருக்கிய 1,02,400இல் ஒரு பங்கு. இன்னொரு 'கீழ்' சேர்ந்தால் மீண்டும் 320ஆல் வகுபடும். இன்றைய தசம முறையில் புள்ளிக்கு வலப்புறம் ஓரிடம் நகர்ந்தால் பெறுமதி பத்திலொன்று ஆவதைப் போன்றதே இது. அங்கே பத்து, இங்கே முந்நூற்றிருபது. அங்கே இடம், இங்கே சொல். கல்லில் எண்குறிகளைக் காட்டிலும் சொற்களையே வெட்டிய ஒரு மரபு, இடமதிப்பு என்ற கருத்தைச் சொல்லினாலேயே நிறைவேற்றியிருப்பது கணித வரலாற்றாளர் அவதானிக்கத்தக்கது.

இப்பொழுது நம் பேரெண்ணுக்கு வருவோம். 320ஐ நான்கு முறை தன்னோடு தானே பெருக்கினால் 10,48,57,60,000 வரும். அதனை 5ஆல் பெருக்கினால் 52,42,88,00,000. எனவே நாம் வியந்த பின்னம், 'கீழ்' என்ற சொல்லின் வழியே நாலாவது படிவரை இறங்கி, அங்கே நாலுமா என்ற ஐந்தில் ஒரு பங்கைச் சொல்வதற்குச் சமமானதாகும். எண் பிரமாண்டமானது, அதனைப் பெறும் வழியோ ஒரு கிராமக் கணக்கனின் வாய்பாட்டுக்குள் அடங்குவது. முதன்மைக் காரணிகளாகப் பிரித்தால் இரண்டை இருபத்து நான்கு முறையும் ஐந்தை ஐந்து முறையும் பெருக்கிய பெருக்கம் இது. வேறு எந்த முதன்மை எண்ணும் இதனுள் இல்லை. இதனை மீதியின்றி வகுக்கும் எண்கள் சரியாக 150. அவை அனைத்தும் இரண்டாலும் ஐந்தாலும் மட்டுமே ஆனவை. (மேலே கண்ட 10,48,57,60,000இன் முன்னிலக்கங்களான 10,48,576 கணினித் துறையினருக்கு நன்கு பழகிய எண். இரண்டை இருபது முறை பெருக்கினால் வருவது. இராசராசனின் கணக்கர் கணினியை முன்னறிந்தார்கள் என்று எவரும் எழுதப் புகாதிருப்பார்களாக!)

காரணிகள் இரண்டும் ஐந்துமே என்பதனால், பத்தையும் அவ்விரு காரணிகளாலேயே ஆக்கிய நமது தசம முறையிலும் இப்பின்னம் முடிவுள்ளதாகவே எழுதப்படும். புள்ளிக்குப் பின் பத்துச் சுழிகள், அவற்றின்பின் 19073486328125 என்ற பதினான்கு இலக்கங்கள். அத்துடன் முடிந்துவிடும்.

சோழர் கால நில அளவைகளை நோக்கின் இக்குடும்ப ஒற்றுமை மேலும் தெளிவாகும். இருபது மா ஒரு வேலி. ஒரு மாவுக்கு இத்தனை குழி என்பது இடத்துக்கு இடம் வேறுபட்டது. 100 குழி, 128 குழி, 256 குழி, 512 குழி என்று கல்வெட்டுக்கள் பலவாறு கூறும். ஆயினும் இவ்வெண்கள் எல்லாம் இரண்டாலும் ஐந்தாலும் ஆனவையே. குழியை அளந்த கோலும் பெரும்பாலும் பதினாறு சாண் கோல். ஆகவே நீளத்தை அகலத்தால் பெருக்கினாலும், துண்டுகளைக் கூட்டினாலும், இறையிலி நிலத்தைக் கழித்தாலும், ஓர் ஊரின் குழியை இன்னோர் ஊரின் குழிக்கு மாற்றினாலும், விடை இக்குடும்பத்தை விட்டு வெளியேறாது. வால் நீளும், ஆனால் அறுபடாது. கணக்கர் எங்கேனும் ஓரிடத்தில் 'இதற்குமேல் விட்டுவிடுவோம்' என்று தீர்மானிக்க வேண்டிய நிலை எழவே எழாது. இப்பேரெண்ணின் முதன்மையான இயல்பு இதுவே என்பது நமது கருத்து. அது சிறியதை அளக்கும் எண்ணன்று. மீதியை ஒழிக்கும் எண்.

மூன்று வந்து நுழைந்தால் இந்த ஒழுங்கு குலைந்துவிடும். மூன்றில் ஒன்றை முந்திரியாக எழுதிப் பார்ப்போம். 106 முந்திரி, மீதி உண்டு. கீழே 213, மீண்டும் மீதி. அதன் கீழே 106, பின் 213, இப்படியே முடிவின்றி. இதில் ஒரு சுவையான முரண் உண்டு. அரசனுக்குரிய பங்கு விளைவில் ஆறிலொன்று என்பது பழைய நீதி நூல்களின் கோட்பாடு. அந்த ஆறிலொன்றை முந்திரி வாய்பாட்டில் முற்றாக எழுதவே முடியாது. 53, 106, 213 என்று ஓடிக்கொண்டேயிருக்கும். கோட்பாட்டு நூலில் இருந்த பங்கு நடைமுறைக் கணக்கேட்டில் ஏறாத பங்கு. தஞ்சைக் கல்வெட்டுக்கள் கூறும் வரியும் ஆறிலொன்று என்ற வடிவில் இல்லை. பெரும்பாலான ஊர்களில் வேலிக்கு ஏறத்தாழ நூறு கலம் நெல் என்ற வீதமே காணப்படுகின்றது. கணித வசதியே இதற்குக் காரணம் என்று நாம் கூற வரவில்லை. உபரியைக் கவரும் முறையைத் தீர்மானிப்பது வாய்பாடன்று. ஆயினும் இரண்டும் ஒன்றோடொன்று இசைந்து கிடந்தன என்பதை மறுக்கவியலாது.

பாபிலோனியர் அறுபதை அடியாகக் கொண்டதனால் மூன்றிலொன்று அவர்க்குத் தொல்லை தரவில்லை. அறுபதில் இரண்டும் மூன்றும் ஐந்தும் உண்டு. அவர்களைத் தடுத்தது ஏழு. தமிழ்க் கணக்கு மரபும் பிற்காலத்தில் இக்குறையை உணர்ந்தது போலும். வாய்பாடுகள் கீழ் முந்திரிக்கு அப்பால் கூறும் இம்மி 21,50,400இல் ஒரு பங்கு. அதாவது கீழ் முந்திரியை 21ஆல் வகுத்தது. சில பட்டியல்கள் 10,75,200 என்கின்றன. எதுவாயினும் 21 அதனுள் இருக்கின்றது; அதாவது மூன்றும் ஏழும் ஒருங்கே நுழைந்துவிட்டன. 'இம்மியளவும்' என்று நாம் பேச்சில் அலட்சியமாக வழங்கும் சொல் ஒரு கணிதச் சிக்கலின் தீர்வாக வந்திருத்தல் கூடும்.

இனி, அளவையிலிருந்து நிலத்துக்கு இறங்குவோம். தஞ்சை வேலி ஏறத்தாழ ஆறேமுக்கால் ஏக்கர். அதனை நம் பேரெண்ணால் வகுத்தால் கிடைப்பது அரைச் சதுர மில்லிமீற்றர். ஒரு நெல்மணி படிவதற்கும் போதாத இடம். இதனை எந்தக் கோல் அளந்தது? பதினாறு சாண் கோல் ஏறத்தாழ 3.7 மீற்றர் நீளமானது. அக்கோலில் ஒரே ஒரு மில்லிமீற்றர் பிழை இருந்தால் ஒரு வேலிப் பரப்பில் நேரும் பிழை ஒரு குழிக்கும் சற்று மிகும். அப்பிழை, கணக்கு காட்டும் கடைசி நுண்மையைப் போல் இரண்டே முக்கால் கோடி மடங்குக்கும் அதிகம். கோல் வெயிலில் நீளும். வரப்பு மழையில் கரையும். அளப்பவன் கை நடுங்கும். ஆகவே 'அத்துணை நுண்மையாக நிலத்தை அளந்தார்கள்' என்ற வாக்கியம் பொருளற்றது. அளந்தது குழிக் கணக்கில். நுண்மை பிறந்தது ஓலையில்.

வரியின் பக்கமிருந்து பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். கலம் ஒன்றுக்குப் பன்னிரண்டு மரக்கால், மரக்கால் ஒன்றுக்கு எட்டு நாழி. வேலிக்கு நூறு கலம் எனின் 9,600 நாழி. (நில அளவையில் ஒளிந்திருந்த மூன்று, தானிய அளவையில் பன்னிரண்டின் உருவில் வந்துவிட்டதைக் கவனிக்க.) நம் கடைசிப் பின்னத்துக்குரிய நிலம் ஒரு நாழி நெல்லை வரியாகத் தர 54,61,333 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். நாழிக்கு 14,400 நெல் என்று வாய்பாடு கூறும். அதன்படி ஒரே ஒரு நெல்மணிக்கு 379 ஆண்டு. இராசராசனின் அளவை நிகழ்ந்ததாகக் கருதப்படும் 1001ஆம் ஆண்டிலிருந்து எண்ணினால், முதல் நெல்மணி 1380ஆம் ஆண்டளவில் சேர்ந்திருக்கும். இரண்டாவது 1759 அளவில். மூன்றாவதற்கு 2138 வரை காத்திருக்க வேண்டும். இராசராசனின் மரபும் மறைந்து, தஞ்சையை நாயக்கரும் மராட்டியரும் ஆங்கிலேயரும் ஆண்டு கழிந்த பின்னரும் மூன்று மணி நெல் நிறையவில்லை!

அப்படியாயின் இதனை ஏன் கல்லில் வெட்டினார்கள்? இங்கேதான் கணிதம் சமுதாயமாகின்றது. அக்கல்வெட்டுக்களில் ஒவ்வோர் ஊரின் மொத்த நிலமும் முதலிற் கூறப்பட்டு, அதிலிருந்து வரியற்ற நிலங்கள் கழிக்கப்படுகின்றன: ஊர் நத்தம், கோயில்கள், குளங்கள், ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால்கள், கம்மாணசேரி, பறைச்சேரி, சுடுகாடு. தீண்டாச்சேரி என்ற சொல்லும் இவ்வரிசையிலேயே நம் கண்ணிற் படுகின்றது. எஞ்சிய நிலமே இறைகட்டும் நிலம். அதன்மீது வந்த நெல் கோயிலுக்குச் சேரவேண்டும். நிலத்தை உழுதவன் வாழ்ந்த சேரி, இக்கணக்கில் கழித்தலுக்குரிய ஓர் உருப்படியாக மட்டுமே இடம்பெறுகின்றது. அவன் பெயர் இல்லை, அவன் பங்கு இல்லை. அவன் குடியிருந்த இடத்தின் பரப்பு மட்டும் பின்னத்தின் பின்னமாக உண்டு.

சில்லறையை விட்டுவிடுவது நமக்கு எளிய காரியம். ஆனால் வரிக் கணக்கில் விடப்படும் ஒவ்வொரு சில்லறையும் யாரோ ஒருவர் இழப்பது அல்லது பெறுவது. அரசு, கோயில், ஊர், நாட்டார் என்ற பல அதிகார மையங்கள் ஒரே உபரியைப் பங்கிட்டுக்கொண்ட சமுதாயத்தில், 'யார் பக்கம் விடுவது' என்ற கேள்வியே வழக்காகிவிடும். மீதி வராத ஓர் எண்முறை அக்கேள்வியை எழவிடாமலே அடக்கிவிடுகின்றது. மேலும், நீண்ட வாலுள்ள கணக்கில் ஓர் உருப்படியை மாற்றினால் வால் ஒவ்வாது, மோசடி வெளிப்பட்டுவிடும். நிலத்தை மீண்டும் அளந்து சரிபார்க்க இயலாதபோது கணக்கே கணக்குக்குச் சாட்சியாகின்றது. கணிதம் நிலத்தை அளப்பதிலும் பாத்திரங்களின் கொள்ளளவைக் காண்பதிலும் நின்று பிறந்தது என்ற கருத்தை ஏங்கெல்ஸ் டூரிங்குக்கு எழுதிய மறுப்பில் (1878) வற்புறுத்தினார். நம் எடுத்துக்காட்டு அக்கருத்துக்கு ஓர் இணைப்பைத் தருகின்றது. அளவையிற் பிறந்த எண், அளவையை விட்டு விலகித் தன் உள் ஒழுங்கினாலேயே அதிகாரம் பெறுவதையும் இங்கு காண்கின்றோம். எதிர்த்துக் கேட்க விரும்பும் உழவன் கோலை அறிவான். கீழ் முந்திரியை அறியான்.

இதனால் அக்கணக்கரின் திறனைக் குறைத்து மதிக்க வேண்டியதில்லை. கருவியின்றி, ஓலையும் எழுத்தாணியும் மனவாய்பாடுமாக இப்பெருக்கங்களை ஈடேற்றிய புரவுவரித் திணைக்களத்தார் உயர்ந்த தொழில்வல்லோர் என்பதில் ஐயமில்லை. அவர் அலுவலகத்தைக் குறித்த 'திணைக்களம்' என்ற சொல்லே இன்று இலங்கையில் ஒவ்வோர் அரச அலுவலக வாயிலிலும் தொங்குகின்றது.

ஈழமண்டலத்து ஊர்கள் சிலவும் தஞ்சைக் கோயிலுக்கு நெல்லும் காசும் இலுப்பைப்பாலும் அளிக்க விதிக்கப்பட்டதனை அதே கோயிலின் கல்வெட்டு ஒன்று கூறும். சோழர் கோல் மாத்தளையின் கிழக்கு மலைச்சரிவுகளுக்கு வந்ததென்று நாம் கூறவில்லை. ஆயினும் அங்குள்ள லக்கலப் பகுதியின் பழைய அளவை முறையை ஒப்பிட்டு நோக்கினால், தஞ்சை எண்ணின் தன்மை பளிச்செனத் தெரியும். நக்கிள்ஸ் மலைத்தொடரின் சரிவில் படிப்படியாக வெட்டப்பட்ட வயல்களுக்கு நீளமும் அகலமும் காண்பது அரிது. ஒவ்வொரு படியும் மலையின் வளைவுக்கேற்ப வளைந்தது. கண்டி நாட்டின் பிற பகுதிகளைப் போலவே இங்கும் நிலத்தை அளந்தது விதையே. ஓர் அமுணம் விதைப்பு, ஒரு பெல விதைப்பு, ஒரு குறுணி விதைப்பு என்பனவே பரப்பின் பெயர்கள். பத்துக் குறுணி ஒரு பெல, நான்கு பெல ஓர் அமுணம். அமுணம் ஒன்று இடத்துக்கேற்ப இரண்டு முதல் இரண்டரை ஏக்கர் வரை வரும். நெல்லுக்கு ஒரு கணக்கு, குரக்கனுக்கு வேறு கணக்கு. குரக்கன் விதை நுண்ணியதாகலின் ஒரு குறுணி குரக்கன் விதைப்பு ஒரு குறுணி நெல் விதைப்பைவிடப் பன்மடங்கு பரந்த சேனையாகும். யாழ்ப்பாணத்து உறுதிகளில் நெல்லுக்கு வேறாகவும் வரகுக்கு வேறாகவும் லாச்சம் எழுதப்படும் வழக்கை அறிந்தவர்க்கு இது புதிதன்று.

இங்கே எண்ணுக்கு வாலில்லை. விதைப்பவன் கையே கடைசி அலகு. அதனால் இது சமத்துவ அளவை என்று கொள்வது பெரும் பிழையாகும். கண்டி அரசில் பங்கு நிலம் பெற்றவன் அதற்கு ஈடாக இராசகாரியம் என்ற கட்டாய உழைப்பைச் செலுத்தினான். உபரி நெல்லாகச் செல்லாமல் நாட்களாகச் சென்றது. நாளைக் கணக்கிட முந்திரி வேண்டியதில்லை. சுரண்டலுக்குப் பேரெண் இன்றியமையாததன்று. உபரி எவ்வடிவிற் கவரப்படுகின்றது என்பதே எண்ணின் வடிவையும் தீர்மானிக்கின்றது.

இவ்விதைக் கணக்கு பிரித்தானியரிடம் சிக்கியபோது நேர்ந்தது தனி ஆராய்ச்சிக்குரியது. 1800இல் நில அளவைத் திணைக்களம் நிறுவப்பட்டது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், கண்டி மாகாணங்களில் சாசனமோ கொடைப் பத்திரமோ காட்ட முடியாத சேனை நிலங்களை முடிக்குரியவையாகக் கொண்டது. 1897இன் தரிசு நிலக் கட்டளைச் சட்டம் உரிமை கோருவதற்கு மூன்று மாத அவகாசம் தந்தது. 'குறுணி குரக்கன் விதைப்பு' என்பது சங்கிலியால் அளந்த வரைபடத்தில் இடம்பெறும் எண்ணன்று. ஆகவே அது உரிமையுமன்று. சோழர் கணக்கில் உழுதவனின் குடியிருப்பு கழிக்கப்பட்டதென்றால், இங்கே உழுதவனின் நிலமே கழிக்கப்பட்டது.

2018இல் களு கங்கை நீர்த்தேக்கம் நிரப்பப்பட்டபோது லக்கலையின் பழைய நகரம் நீரில் அமிழ்ந்தது. மேட்டில் புதிய நகரம் எழுந்தது. குடிபெயர்ந்தோர்க்குக் காணி பேசப்பட்டது அமுணத்திலும் பெலவிலும் அன்று, ஏக்கரிலும் பேர்ச்சிலும். நான்கு றூட் ஓர் ஏக்கர், நாற்பது பேர்ச் ஒரு றூட். ஆக 160 பேர்ச் ஓர் ஏக்கர். 160உம் இரண்டாலும் ஐந்தாலும் மட்டுமே ஆனது. முந்திரியின் 320இல் சரிபாதி. ஒரு காணியை மூன்று பிள்ளைகளுக்குப் பிரித்து உறுதி எழுதும் நொத்தாரிசு இன்றும் ஐம்பத்து மூன்று பேர்ச் என்று எழுதி, மீதியை யார் பக்கம் வைப்பது என்று கேட்கிறார்.